ஆஸ்கார் மீனுக்கு உளுந்து உருண்டை

பெரிய மீனுக்குச் சின்ன மீனை உயிரோடு போட்டு வளர்ப்பது மடமை என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் என் மருமகன் ரெமிஜியூஸ். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் இயக்குகிறார். முப்பத்தாறு ஆண்டுகள் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்திய எனக்கு, உணவைப் பற்றி ஒரு கிரேன் ஓட்டுநர் பாடம் எடுத்தார் என்பதை நான் பொதுவாக யாரிடமும் சொல்வதில்லை. உங்களிடம் சொல்லக் காரணம், தம்பி, உங்கள் மடியில் இருக்கும் அந்தப் பை. இருபது பொன்மீன்கள் இருக்குமா? இருபத்தைந்தா? அவ்வளவும் வீட்டிலிருக்கும் ஒரே மீனுக்கு. ஆஸ்கார்தானே? நினைத்தேன். பையை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தப் பேருந்து திருநெல்வேலி போய்ச் சேர ஒரு மணி நேரமாகும். அதுவரையாவது அவை நிம்மதியாக இருக்கட்டும்.

என் மகள் மங்கையர்க்கரசி அவரை மணந்து ஏழாண்டுகள் ஆகின்றன. எங்கள் குடும்பம் சைவம். சைவம் என்றால், இக்காலத்தார் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் இருந்துவிட்டுப் பெருமைப்படுகிறார்களே, அது அன்று. முட்டை சேர்த்த கேக் எங்கள் வாசற்படியைத் தாண்டியதில்லை. அவர்கள் வீடோ கடற்கரைத் தெரு. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய நாளில்தான் அந்த வீட்டில் காய்கறிக் குழம்பு. ஆனாலும் நான் அந்தத் திருமணத்தைத் தடுக்கவில்லை. தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். போகவில்லை, அவ்வளவே. அதன் பிறகும் அந்த வீட்டில் நான் கை நனைத்ததில்லை. மகள் ஆண்டுக்கு இருமுறை எங்கள் வீட்டுக்கு வருவாள். மருமகன் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசலில் நின்றபடி, "நல்லா இருக்கீங்களா மாமி" என்பார். எங்கள் பக்கத்தில் அத்தை என்றுதான் சொல்ல வேண்டும். திருத்தினேன். மறுமுறையும் மாமி என்றார். விட்டுவிட்டேன். எல்லா மாணவரும் தேறுவதில்லை.

சென்ற ஜூன் மாதம் துறைமுகத்தார் அவரை இரண்டரை மாதப் பயிற்சிக்கு ஒடிசா அனுப்பினார்கள். மகளும் உடன் போவதாக ஏற்பாடு. அப்போதுதான் அவர்கள் வீட்டில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருப்பதும், அதில் ஒரு சாண் நீள ஆஸ்கார் மீன் ஒன்று வாழ்வதும் எனக்குத் தெரியவந்தது. கறுப்பில் செம்பிழம்பு தெளித்ததுபோல உடம்பு, ஊரையே குற்றம் சாட்டும் பார்வை. அதை யாரிடம் விட்டுச்செல்வது? எங்களிடம். என் கணவர் தொலைபேசியிலேயே சம்மதம் தெரிவித்துவிட்டார். நாற்பத்தொரு ஆண்டு இல்லறத்தில் என்னைக் கேளாமல் அவர் எடுத்த முதல் முடிவு அது.

தொட்டியைச் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மகள் என்னைத் தனியே அடுக்களைக்கு அழைத்துப் போய்ச் சொன்னாள்:

"அம்மா, எங்களுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். செத்துப்போச்சுன்னா அவங்க ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. ஆனா அதுக்கப்புறம் அவங்களைக் கூட்டிக்கிட்டு இந்த வாசலுக்கு வர என்னால முடியாதும்மா. நானும் வரமாட்டேன்."

பிள்ளையில்லாத வீட்டில் மீனுக்கு இத்தனை செல்லம். என் பொறுப்பில் விடப்பட்ட எந்த உயிரும் தோற்றதில்லை என்று மட்டும் சொன்னேன்.

ரெமிஜியூஸ் ஒரு தாள் கொடுத்தார். கோடு போட்ட தாள். திங்களும் வியாழனும் சுண்டுவிரல் அளவு இறால் மூன்று, ஓட்டோடு. ஓட்டில்தான் நிறத்துக்கான சத்து இருக்கிறதாம். செவ்வாய் விளமீன் சதை ஒரு துண்டு. புதன் மண்புழு. வெள்ளி கடையில் விற்கும் தீவனக் குச்சி. சனிக்கிழமை தோலுரித்த பச்சைப் பட்டாணி. ஞாயிறு ஒன்றுமில்லை, வயிற்றுக்கு ஓய்வு. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி கூடாது, அந்தக் கொழுப்பு மீனின் ஈரலில் போய்த் தங்கிவிடும். இதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு, உயிருள்ள சின்ன மீன் கூடவே கூடாது என்று எழுதியிருந்தார். ஏனென்று கேட்டேன். "அது வழியா நோய் வரும் மாமி. பொன்மீன்ல ஒண்ணு இருக்கு, அது பி ஒன் சத்தைத் தின்னுரும். ஒரே சாப்பாட்டைத் தின்னா தலையில குழி விழுந்துரும். மனுசனுக்கு மாதிரி எல்லாம் கலந்து குடுக்கணும்" என்றார்.

எல்லாம் கலந்து கொடுக்க வேண்டுமாம். சமச்சீர் உணவு! அந்தப் பாடத்துக்கு என் கையால் வரைந்த விளக்கப்படம் இன்றும் அந்தப் பள்ளிச் சுவரில் தொங்குகிறது. அதைப் பார்த்துப் படித்த பெண்கள் மருத்துவர்களாக இருக்கிறார்கள். எனக்கு இவர் விளக்குகிறார்.

அவர்கள் போன பின், சிவப்பு மை எடுத்துத் தாளைத் திருத்தினேன். இறால் அடித்தேன். விளமீன் அடித்தேன். மண்புழுவுக்கு இரண்டு முறை அடித்தேன். தீவனக் குச்சிப் பொட்டலத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தபோது, முதல் பொருளே மீன் தூள் என்றிருந்தது. அதையும் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பரணில் ஏற்றினேன். எஞ்சியவை பட்டாணியும் ஞாயிற்றுக்கிழமை விரதமும். அந்தத் தாளில் பண்பாடு தென்பட்ட இடம் அந்த விரதம் ஒன்றுதான்.

நான் சிந்தித்தேன். மீனுக்கு வேண்டியது புரதம். அது இறாலில் இருந்து வருகிறதா, உளுந்தில் இருந்து வருகிறதா என்று வயிறு விசாரிக்குமா? உளுந்தை ஊறவைத்து அரைத்தேன். இரும்புச் சத்துக்கு முருங்கைக்கீரை. நிறத்துக்கு ஓடு எதற்கு, கேரட் இருக்கிறது. சுண்டைக்காய் அளவில் உருட்டி, இட்லிக் கொப்பரையில் அவித்து, ஆறவைத்துப் போட்டேன். வேளைக்கு மூன்று.

முதல் நாள் அது உருண்டையை வாயில் வாங்கி, இரண்டு முறை மென்று, கண்ணாடியின் மீது துப்பியது. ஒன்றாம் வகுப்பில் முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் சிலேட்டை எறியத்தான் செய்யும். மூன்றாம் நாள் வாயில் வாங்கவும் இல்லை. ஐந்தாம் நாள் மூலையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. என் கணவர் அதன் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "டீச்சர், நிறம் மங்குது பாரு" என்றார். அடம், என்றேன். ஏழாம் நாள், "இறால்னு எழுதிக் குடுத்திருக்காரே" என்றார். எழுதிக் கொடுத்ததைத்தான் நான் திருத்திவிட்டேனே, என்றேன். எட்டாம் நாள் அவர் இட்லியைத் தொடவில்லை. மீன் பட்டினி, வீட்டுக்காரர் பட்டினி, நான் மட்டும் கொள்கையோடு உண்டேன்.

ஒன்பதாம் நாள் விடிந்ததும் என் கணவர், இனி நடைப்பயிற்சி போகப்போவதாக அறிவித்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு. பத்தாண்டுகளாக நடக்கச் சொல்லி நான் அலுத்துப்போயிருந்தேன். மகிழ்ந்து அனுப்பினேன். அன்று உருண்டையில் ஒரு சிட்டிகை பெருங்காயம் சேர்த்திருந்தேன். என்ன நடந்தது தெரியுமா, தம்பி? மாலைக்குள் அந்த மீன் எழுந்து, தொட்டியை நான்கு சுற்றுச் சுற்றி, கண்ணாடியை முட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. தொட்டியில் ஓர் உருண்டையும் மிச்சமில்லை. பெருங்காயத்தின் மகிமை. நம் முன்னோர் அறியாததா?

அன்று முதல் ஒரு பதிவேடு வைத்தேன். நாள், வேளை, கொடுத்த உருண்டை, உண்ட உருண்டை. தொட்டியைத் துப்புரவு செய்யும் வேலையை என் கணவரே மனமுவந்து ஏற்றுக்கொண்டார். நான் பாடல் வகுப்புக்குப் போய் வருவதற்குள் எல்லாம் முடித்திருப்பார். பதிவேட்டில், உண்டது மூன்று, உண்டது மூன்று என்று எழுதி எழுதிக் கை வலித்தது. அந்த மாதம் எங்கள் கொல்லையில் காகங்களும் மிகக் கொழுத்திருந்தன. நல்ல மழை.

மீனுக்கு மட்டுமா நன்மை? அவருக்கும்தான். நாள்தோறும் ஒரு மணி நேர நடை. முகத்தில் ஒரு மினுக்கம். காலை உணவு வேண்டாம், வயிறு நிறைவாக இருக்கிறது என்பார். நடந்தால் பசி அடங்கும் என்று நான் அறிந்திருந்தேன். தெருப் பூனை ஒன்று அவர் பின்னாலேயே வாசல் வரை வரும். விலங்குகள் நல்லவர்களை அறியும். வாழைக்குழியைக் கிளறுவதில்கூட ஆர்வம் வந்துவிட்டது, அதுவும் புதன்கிழமை தவறாமல்.

ஆகஸ்டில் எங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர் சங்கத்தில் பேச அழைத்தார்கள். "பழக்கத்தால் திருந்தாத உயிரில்லை" என்பது தலைப்பு. இயற்கையிலேயே ஊன் உண்ணும் ஒரு மீனைப் பத்தே நாளில் சைவமாக்கிய வரலாற்றை நாற்பது நிமிடம் உரைத்தேன். பொன்னாடை போர்த்தினார்கள். என் கணவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து நெடுநேரம் கைதட்டினார். பெருமிதம் தாளாமல் தலை குனிந்திருந்தார்.

இது என்ன ஊர்? வாகைக்குளமா? சரி, நேரம் இருக்கிறது.

ஆகஸ்ட் இறுதியில் ஒரு சனிக்கிழமை மகளும் மருமகனும் மீனை அழைத்துப்போக வந்தார்கள். ரெமிஜியூஸ் என்னைக்கூட விசாரிக்காமல் தொட்டியின் முன் குந்தி உட்கார்ந்தார். மீன் ஓடிவந்து கண்ணாடியில் வாயை வைத்தது. அவர் கண் கலங்கியிருந்தது. உப்புக்காற்றில் வேலை செய்கிறவர்களுக்கு அப்படித்தான். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழாண்டில் அவள் என் கையைப் பிடித்தது அன்றுதான். அந்த நேரத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம் என்று என் கணவர் பிற்பாடு சொன்னார். நான் ஏன் பேசாமல் இருக்க வேண்டும்? உண்மையைச் சொன்னேன். உங்கள் மீன் இப்போது சைவம் என்றேன். பதிவேட்டைக் காட்டினேன். செய்முறை விளக்கம் இல்லாமல் அறிவியல் இல்லை, ஆகவே உருண்டைகளையும் கொண்டுவந்தேன்.

முதல் உருண்டையை அது வாங்கியது. இரண்டு முறை மென்றது. துப்பியது. தண்ணீரில் பச்சைப் புகை. இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவதை அது திரும்பியும் பார்க்கவில்லை. என் கணவர் சுவர் நாட்காட்டியில் அமாவாசை தேடிக்கொண்டிருந்தார். ரெமிஜியூஸ் மீனைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னைக் கண்டதும் அதுக்குக் கூச்சம் மாமி. ரெண்டரை மாசம் கழிச்சுப் பாக்குதுல்லா" என்றார்.

மீனின் உளவியல் அவருக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. ஏற்றுக்கொண்டேன். அத்துடன் முடிந்திருக்க வேண்டியது. முடியவில்லை. வாசலில் மரியபுஷ்பம் வந்து நின்றாள். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் மீன் விற்பவள். அவள் மகள் என்னிடம் படித்தவள்.

"டீச்சரம்மா, சார் இருக்காகளா? மவளுக்கு வளைகாப்பு வச்சிருக்கேன், கை கடிக்குது, அதான் வீடு தேடி வந்துட்டேன். முப்பது வருசப் பழக்கம், சார் ஒரு நாளும் இப்பிடிப் பாக்கி நிப்பாட்டுனதில்ல."

முப்பது ஆண்டுப் பழக்கம் என்றது எனக்கு வியப்பாக இல்லை. ஆசிரியை வீடு என்றால் அவர்களுக்கு ஒரு மரியாதை. ஆனால் என்னிடம் படித்த அவள் மகளுக்கே வயது இருபத்தாறுதான். கணக்கில் அந்தக் குடும்பம் எப்போதும் மட்டம். பாக்கிதான் எனக்கு விளங்கவில்லை. மரியபுஷ்பம் மடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் படித்தாள். பத்து வாரத்தில் இறால் மூன்று கிலோ, விளமீன் இரண்டு கிலோ, நெய்மீன் ஒரு கிலோ, துண்டு போட்டது. கூட்டினால் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது ரூபாய். துண்டு எதற்கு என்று கேட்டேன்.

"பொரிக்கத்தான் டீச்சரம்மா. எங்க மதினி மெஸ்ஸு பக்கத்துலதான. சாருக்கு மொளவு தூக்கலா இருக்கணும்..."

என் கணவருக்கு இருமல் வந்தது. அதற்குள் ரெமிஜியூஸ் எழுந்துபோய், "அக்கா, அது எல்லாம் நான் வாங்கிப் போடச் சொன்னது" என்று சொல்லிப் பணத்தை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டார். தொட்டியை வண்டியில் ஏற்றினார்கள். மீன் போயிற்று.

அவர்கள் போன பின் கணவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அவருடைய ஏ.டி.எம். அட்டை என் பையில் இருக்கிறது. நாள்தோறும் செய்தித்தாளுக்கும் காப்பிக்கும் ஐம்பது ரூபாய் தருகிறேன். பிறகு கடன் ஏன் என்றேன். அவர் நாட்காட்டியை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"மீனுக்குத்தான் ஆரம்பிச்சேன். ஒன்பதாம் நாள் ஒரு இறாலை நீட்டுனேன். விரலோட சேத்துத் திங்க வந்துச்சு. எனக்கு அழுகை வந்துட்டு, டீச்சர். அது செத்தா மங்கை வரமாட்டா. அவ வரலைன்னா இந்த வீட்டுல நீயும் நானும் மட்டுந்தான்."

நாங்கள் இருவர் மட்டும் இருப்பதில் என்ன குறை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் குரல் அன்று கொஞ்சம் நடுங்கியது, சர்க்கரை இறங்கியிருக்கும் என்று எண்ணி ஒரு பழம் உரித்துக் கொடுத்தேன். நெய்மீனைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

ஆனால் கடன் கடன்தானே? எந்த வீட்டில் தண்ணீர்கூட அருந்தியதில்லையோ, அந்த வீட்டுக்குக் கடன்பட்டு நிற்பதா? மூன்று வாரம் எனக்கு உறக்கமில்லை. கைப்பேசியில் ஒரு நொடியில் அனுப்பிவிடலாம் என்றார் கணவர். பணத்தை முகம் பார்த்துக் கொடுப்பதுதான் முறை என்றேன். இன்று காலை இருவரும் புறப்பட்டுத் தூத்துக்குடி போனோம். ஆம், முதன்முறையாக. கடனுக்காக மட்டும்.

நான் வாசலிலேயே நின்றுகொண்டு உறையை நீட்டினேன். ரெமிஜியூஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மீனு தின்னது என் செலவு மாமி. அதை நான் வாங்க மாட்டேன். மாமா தின்னதுக்கு வேணா குடுங்க. ரெண்டையும் பிரிச்சுச் சொல்லுங்க, வாங்கிக்கிடுதேன்."

கணக்கை நின்றுகொண்டு போட முடியாது. மகள் நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்தினாள். அங்கே வெளிச்சம் போதாது, ஆகவே உள்ளே மேசைக்குப் போனேன். தாளில் இரண்டு கட்டம் போட்டேன். ஒன்றின் தலையில் மீன் என்று எழுதினேன். மற்றதன் தலையில் என்ன எழுதுவது? சிறிது நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் பெயரை எழுதினேன். நாற்பத்தொரு ஆண்டில் குடும்ப அட்டை விண்ணப்பத்துக்குப் பிறகு இன்றுதான் எழுதினேன்.

ஒரு வேளைக்கு மூன்று இறால், வாரம் இரு வேளை, பத்து வாரம்: அறுபது இறால். ஓர் இறாலின் எடை வேண்டுமே? மகள் குளிர்பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, சின்னத் தராசில் வைத்து, என் முன் கொண்டுவந்தாள். அவ்வளவு அருகில் ஓர் இறாலை நான் பார்த்ததில்லை. மீசையெல்லாம் இருக்கிறது. அறிவியல் ஆர்வம், வேறொன்றுமில்லை. ஐந்து கிராம். ஆக முந்நூறு கிராம், கிலோ நானூறு வீதம் நூற்றிருபது ரூபாய். விளமீன் வாரம் இருபது கிராம், பத்து வாரத்துக்கு இருநூறு கிராம், கிலோ நானூற்றிருபது வீதம் எண்பத்துநான்கு ரூபாய். நெய்மீன், மீன் பக்கத்தில் சுழியம். மீனின் மொத்தச் செலவு இருநூற்று நான்கு ரூபாய். அந்த மீன் எவ்வளவு அளவாக உண்ணும் உயிர் என்பதை அப்போதுதான் அறிந்தேன். மிச்சமெல்லாம் மற்றக் கட்டத்தில் விழுந்தது. அதன் சொந்தக்காரர் தொட்டியருகில் நின்று மீனோடு பேசிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பத்து வாரத்துக்கு மட்டுந்தானே மாமி?" என்றார் ரெமிஜியூஸ்.

"வேறெதற்கு?" என்றேன்.

அவர் மாமனார் பக்கம் பார்த்தார். "ஆமா மாமி. வேற எதுக்கு" என்றார். பிறகு, சாப்பிட்டுவிட்டுக் கொடுங்கள், பசியோடு வாங்கும் பணம் தங்காது என்றார். அப்படி ஒரு சாத்திரம் எங்கும் இல்லை. ஆனால் வாங்கினால்தானே நான் கொடுக்க முடியும்?

மகள் பரணிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினாள். குக்கர், வாணலி, தட்டு, தம்ளர், எல்லாம் தனியாக. உங்களுக்கென்றே புதிதாக வாங்கி வைத்தது அம்மா, இதில் மீன் பட்டதே இல்லை, என்றாள். விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. நான் பார்த்தேன். ஏழாண்டுக்கு முந்தைய தேதி போட்டிருந்தது. ஏழாண்டுப் பழைய பாத்திரத்தைப் புதிது என்று சொல்கிறாள், பாருங்கள். சாம்பாரில் உப்பும் கொஞ்சம் தூக்கல். இரண்டாம் முறை வாங்கிக்கொண்டது சோறு வீணாகக் கூடாது என்பதற்காக.

என் கணவர் ஒரு வாரம் அங்கேயே தங்குகிறார். கடற்காற்று சர்க்கரைக்கு நல்லது என்று மருமகன் சொன்னார். இருக்கட்டும். எல்லாம் கலந்து கொடுங்கள், ஒன்றையே கொடுக்காதீர்கள் என்று மட்டும் மகளிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த ஞாயிறு நானே போய் அவரை அழைத்து வர வேண்டும். தனியாக வரத் தெரியாது அவருக்கு.

கை கழுவி வந்து உறையைப் பிரித்து, மீன் கட்டத்தின் இருநூற்று நான்கைக் கழித்து மிச்சத்தை எடுத்து வைத்தேன். ஐந்நூறு ரூபாய்த் தாள் ஐந்து, இருநூறு ஒன்று, இருபது ஒன்று, பத்து ஒன்று, ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று, ஒரு ரூபாய் நாணயம் ஒன்று. எண்ணிப் பாருங்கள் என்றேன். வேண்டாம் என்றார். எண்ணித்தான் ஆகவேண்டும் என்றேன். மேசையில் பரப்பி, உரக்க, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினார்: இரண்டாயிரத்து எழுநூற்று முப்பத்தாறு ரூபாய்.